49, 52, 58: பழைய லென்ஸுக்கு வளையம் தேடுதல்

"அண்ணை, ஹீலியோஸ் லென்ஸுக்கு ஒரு பில்டர் இருக்கோ?"

"அப்பிடி ஒரு கமரா எங்களிட்டை வாறேல்லைத் தம்பி."

யாழ் நகரில் ஒரு கமராக் கடையில், ஹீலியோஸ் என்ற பழைய ரஷ்ய லென்ஸுக்காக நடந்தது இது. சைக்கிளை எடுக்கப் போனவன் திரும்பி வந்து, "சரி, 49 மில்லிமீற்றர் யுவி பில்டர் இருக்கோ?" என்று கேட்டேன். "அது கனக்கக் கிடக்கு. எந்தக் கொம்பனி வேணும்?" என்றார் அவர். அதே கடை, அதே கண்ணாடி அலுமாரி. (பில்டர் என்பது லென்ஸின் முன்னே திருகும் வட்டக் கண்ணாடி; யுவி என்பது அதில் புறஊதா ஒளியைத் தடுக்கும் வகை.)

பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதிகம் அலைவது இந்தக் குழப்பத்தால்தான். லென்ஸுக்கு நாற்பது, ஐம்பது வயது என்றால் அதற்குரிய சாமானும் பழையதாக, அபூர்வமாக, விலை கூடியதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். லென்ஸின் பெயரைச் சொல்லித் தேடினால் அப்படித்தான் அகப்படும். எண்ணைச் சொல்லித் தேடினால், போன மாதம் பெட்டியில் வந்திறங்கிய சாமானே பொருந்தும்.

எந்த எண்? லென்ஸின் முன்விளிம்பின் உட்பக்கத்தில் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரியின் விட்டம்தான் பில்டரின் அளவு. முகப்பில் "58 மி.மீ., எஃப் 2" என்று இருப்பதில் 58 குவியத் தூரம், எஃப் 2 துவாரத்தின் அளவு. அந்த 58ஐப் பார்த்து அதே அளவில் பில்டர் வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். பிற்கால லென்ஸ்களில் குறுக்குக் கோடு போட்ட ஒரு வட்டக் குறியும் பக்கத்தில் பில்டர் அளவும் இருக்கும். பலவற்றில் அது இல்லை. அப்போது பள்ளிக்கூட அடிமட்டம் போதும். புரியின் உள்விளிம்பிலிருந்து எதிர் உள்விளிம்புக்கு அளந்தால், உண்மையான அளவைவிட ஒரு மில்லிமீற்றருக்குள் குறைவாகத்தான் காட்டும். 48 என்று வந்தால் அது 49. 51 என்று வந்தால் 52.

எங்கள் வீட்டு ஹீலியோஸ் 44-2, எண்பதுகளில் மாமா கொண்டு வந்த செனித் கமராவோடு வந்தது. அதற்கு 49. அதே குடும்பத்தில் பின்னால் வந்த 44எம் வகைக்கு 52. பென்ராக்ஸின் தாக்குமார் 50, 55 மி.மீ. லென்ஸ்களுக்கும், பிரக்டிக்காவோடு வந்த பென்ரகன் 50க்கும், ஒலிம்பஸின் 50, எஃப் 1.8க்கும் 49. நிக்கோன் தன் பழைய சாதாரண லென்ஸ்களில் பெரும்பாலானவற்றை 52இலேயே வைத்துக்கொண்டது. வாங்குபவனுக்கு அது பெரிய உபகாரம். கனோனின் எஃப்டி என்ற பழைய வரிசையில் முதலில் வந்த 50 மி.மீ. லென்ஸ்களுக்கு 55, பின்னால் வந்த புதிய எஃப்டிக்கு 52. மினோல்டாவும் பழைய ரொக்கோர் 50களுக்கு 55 கொடுத்துவிட்டு, பிந்திய எம்டி வகையில் 49க்கு இறங்கியது. ரஷ்யச் சின்னக் கமராக்களின் ஜூபிற்றர் 8க்கும் இண்டஸ்ரார் 61க்கும் 40.5.

இந்த எண்களில் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன என்பதுதான் விஷயம். கனோன் 2015இல் விட்ட மலிவான 50, எஃப் 1.8 எஸ்ரிஎம் லென்ஸின் புரி 49. கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கும் பொடியளில் பாதிப் பேரின் பைக்குள் அந்த லென்ஸ் கிடக்கும். அதனால் 49 அளவு சாமான் எல்லாக் கடைக்கும் வருகிறது. 40.5 செத்துப்போன அளவு என்றுதான் நினைத்திருந்தோம். சோனி, கமராவோடு சேர்த்தே விற்கும் தன் சின்ன 16-50 கிற் லென்ஸுக்கு அதே அளவைக் கொடுத்தது. ஜூபிற்றர்காரருக்கு அதிட்டம் அடித்தது. ஆகவே கடையில் "சோனி கிற் லென்ஸுக்குப் போடுறது" என்று கேளுங்கள். ஜூபிற்றர் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம்.

நாலைந்து லென்ஸ் சேர்ந்துவிட்டால் ஒவ்வோர் அளவிலும் பில்டர் வாங்குவது மடைத்தனம். அதற்குத்தான் ஸ்ரெப்-அப் வளையம்: ஒரு பக்கம் 49 ஆண் புரி, மறுபக்கம் 58 பெண் புரி. கண்ணாடி இல்லாத வெறும் வளையம் என்பதால், கமராச் சாமான்களில் இதைவிட மலிவானது இல்லை. எல்லா லென்ஸையும் ஓர் அளவுக்கு உயர்த்திவிட்டால், அந்த ஓர் அளவில் மட்டும் நல்ல பில்டர் ஒன்றிரண்டு போதும். என் தெரிவு 58. கனோனின் 18-55 கிற் லென்ஸ் அந்த அளவு. இந்த ஊரில் பாவித்த 58 பில்டருக்கும் மூடிக்கும் பஞ்சமே இல்லை. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் 67க்குப் போகலாம். திரும்பிக் கீழே இறங்கும் ஸ்ரெப்-டவுன் வளையமும் உண்டு. ஆனால் சின்னப் பில்டரைப் பெரிய லென்ஸில் பூட்டினால் படத்தின் மூலை கறுக்கும். தேவை வந்தாலொழிய வாங்காதீர்கள். பித்தளை வளையம் கிடைத்தால் அதை எடுங்கள். அலுமினியம் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது, அதுவும் உப்புக் காற்றில்.

இனி, முதலில் எதற்குக் காசு செலவழிப்பது? எல்லாரும் யுவி பில்டரைத்தான் வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய லென்ஸுக்கு முதலில் வேண்டியது ஹூட், அதாவது லென்ஸின் முன்னே நீண்டு நின்று வெயிலை மறைக்கும் குழாய்.

காரணம் கண்ணாடியில் இருக்கிறது. தெறிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் விழும் ஒளியில் சுமார் 4 வீதத்தைத் திருப்பியடிக்கும். ஆறு கண்ணாடி கொண்ட ஒரு லென்ஸுக்குள், இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருக்க, காற்றைத் தொடும் பரப்பு பத்து என்றால் எவ்வளவு ஒளி உள்ளே அங்குமிங்கும் அடிபடும் என்று எண்ணிப் பாருங்கள். பழைய லென்ஸ்களில் பலவற்றுக்கு ஒற்றைப் பூச்சுத்தான். பென்ராக்ஸ் பல அடுக்குப் பூச்சைத் தாக்குமாரில் பரவலாகக் கொண்டுவந்தது 1971இல். படத்தின் சட்டத்துக்கு வெளியிலிருந்து முன் கண்ணாடியில் விழும் வெயிலால் படத்துக்கு எந்தப் பயனும் இல்லை. உள்ளே தெறித்துத் திரிந்து கறுப்பைச் சாம்பலாக்கும், நிறத்தை வெளுக்க வைக்கும். பூச்சில்லாத மலிவான யுவி பில்டர் ஒன்றை முன்னே போட்டால் இன்னும் இரண்டு பரப்புக் கூடுகிறது. பாதுகாக்கிறோம் என்று எண்ணி வெளுப்பைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் மோசம். மலையில்லை, மேடில்லை. பண்ணைப் பாலத்தில் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர் பளிச்சிடும்; கசூரினாக் கடற்கரையில் வெள்ளை மணலிலிருந்து ஒளி கீழேயிருந்து ஏறும். நல்லூர்த் தேரன்று காலை பத்து மணிக்கு வீதி முழுக்க வெள்ளை வேட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கோ ஒரு வெளிச்சம் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கும்.

நம்பாதவர்கள் ஒரு சதமும் செலவில்லாமல் பார்க்கலாம். வெயில் பக்கவாட்டில் இருக்க, கமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே இடது கையை லென்ஸின் மேல் பக்கமாக மெல்ல நீட்டுங்கள். கையின் நிழல் முன் கண்ணாடியை மூடும் கணத்தில் திரையில் ஒரு மூட்டம் விலகும். இலைகளுக்கிடையில் இருக்கும் இருட்டு இருட்டாகவே தெரியும். அந்தக் கைதான் ஹூட். கை சட்டத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி. சூரியனே படத்துக்குள் இருந்தால் மட்டும் ஹூட்டும் உதவாது, கையும் உதவாது.

கொம்பனி ஹூட் ஏன் இவ்வளவு விலை? லென்ஸ் கமராவில் பூட்டியபடி அறுபது வருடம் இருந்துவிடும். கழற்றி வைக்கும் ஹூட்டோ பஸ்ஸில் விழும், பிள்ளைகள் விளையாடித் தொலைக்கும். மிஞ்சியவை சேகரிப்பவர்களின் கைக்குப் போய்விட்டன. லைக்காவுக்கும் தாக்குமாருக்கும் எழுத்துப் பொறித்த அசல் ஹூட் தேடினால், ஹீலியோஸ் ஒன்றை வாங்கிவிடும் காசு அதற்கே போகக்கூடும். புரியில் திருகும் சாதாரண உலோக ஹூட் செய்யும் வேலையும் அதே வேலைதான். மடக்கும் ரப்பர் ஹூட் இன்னும் மலிவு. சுவரில் இடிபட்டால் லென்ஸுக்கு அடி இறங்காமல் தாங்குவதும் அதுதான்.

நீளம்தான் கவனம். படத்தின் மூலைவிட்டக் கோணத்தை வைத்து ஒரு பருமட்டான கணக்குச் சொல்கிறேன். முழுச்சட்டக் கமராவில் (35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவு படம் எடுப்பது) 50 லென்ஸுக்கு, ஹூட் 10 மில்லிமீற்றர் முன்னே நீள, அதன் வாய் 9 மில்லிமீற்றர் அளவில் விரிய வேண்டும். 28க்கு 15 விரிய வேண்டும். அதனால்தான் அகன்ற லென்ஸின் ஹூட் தட்டுப் போலக் குட்டையாக இருக்கிறது. 135க்கு 3 போதும், நேர்க்குழாயே பூட்டலாம். நீங்கள் பழைய லென்ஸைப் போடுவது ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கமராவில் (உணரி சிறியது, உள்ளே சரிந்த கண்ணாடி இல்லாதது) என்றால், லென்ஸின் நடுப்பகுதிதான் படமாகிறது. 50க்கு 6 விரிந்தால் போதும். 85க்குச் செய்த நீளமான ஹூட்டைக்கூட 50இல் பெரும்பாலும் பூட்டலாம். பலர் கவனிக்காமல் விடும் இலாபம் இது.

சரி, ஹூட்டும் வாங்க மனமில்லை என்றால் செய்துகொள்ளலாம். தொண்ணூறுகளில் யுத்தத் தடையால் பற்றரி வராத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊருக்கு இது பெரிய வேலையா? ஸ்ரூடியோக்காரரின் லாச்சியில் கீறு விழுந்த 58 பில்டர்கள் கிடக்கும்; கேட்டால் சும்மாவே தருவார்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்வளையத்தில் எதிரெதிராக இரண்டு சின்ன வெட்டு இருக்கும். இரண்டு முனையும் கூரான கவராயத்தை அந்த வெட்டுகளில் வைத்து இடப்பக்கம் திருப்பினால் வளையம் கழன்று கண்ணாடி கையில் விழும். நான் அப்படி நாலு சட்டம் சேர்த்தேன். ஒன்று ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். ஒன்றுக்குள் ஒன்றைத் திருக, 20 மில்லிமீற்றர் நீளத்தில் ஹூட். உள்ளே மினுங்கியது, அதைச் சரிப்படுத்தாமல் வெளியே கொண்டுபோனால் ஹூட்டே புதிய வெளிச்சத்தை உள்ளே அனுப்பும். கரும்பலகைக்குப் பூசும் மங்கல் பெயின்ற் ஒரு தடவை பூசினேன். நகைக்கடைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் கறுப்பு வெல்வெற் இன்னும் நல்லது. ஒரு நாடா அகலம் போதும்.

பிவிசி குழாய்த் துண்டிலும் செய்யலாம். ஹாட்வெயர் கடைக்குப் போகும்போது வளையத்தைக் கையில் கொண்டு போங்கள். குழாயின் சுவர்த் தடிப்பு வகைக்கு வகை மாறும்; அளவை வாயால் சொல்லி வாங்கினால் ஆடும் அல்லது இறங்காது. லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்தும் எடுக்கலாம். அதற்குப் புரியின் இடைவெளியைச் சொல்ல வேண்டும்: 49 தொடக்கம் 77 வரை பெரும்பாலும் 0.75, 40.5 போன்ற சின்னவற்றுக்கு 0.5. மாறிச் சொல்லிவிட்டால் முதல் சுற்றோடு இறுகி, லென்ஸின் புரியையும் தின்றுவிடும்.

செய்ததைச் சோதிக்க, லென்ஸைத் தூரத்துக்குக் குவித்து, துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, வெளிர்ந்த வானத்தை ஒரு படம் எடுங்கள். துவாரம் அகலத் திறந்திருந்தால் மூலைக் கறுப்பு மெல்லப் பரவி ஒளிந்துகொள்ளும். சுருக்கினால் கத்தியால் வெட்டியது போலத் தெரியும். என் நாலு சட்டத்தில் முழுச்சட்டக் கமராவுக்கு ஒன்றைக் கழற்ற வேண்டி வந்தது.

பில்டருக்கு வருவோம். டிஜிற்றல் கமராவின் உணரிக்கு முன்னே புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அங்கே யுவி பில்டர் ஒரு முன்கதவு, அவ்வளவுதான். மணற்காட்டு மணலுக்கும் படகில் நெடுந்தீவு போகும்போது தெறிக்கும் உப்புத் தண்ணீருக்கும் அந்தக் கதவு வேண்டும். மற்ற நாளில் கழற்றிவிடுவேன்.

மத்தியானத்தில் துவாரத்தை அகலத் திறந்து எஃப் 2இல் எடுக்க ஆசைப்படுபவருக்கு, நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் என்டி பில்டர்தான் வேண்டும். செனித் ஈ கமராவின் அதிவேக ஷட்டர் 1/500 செக்கன். 100 ஐஎஸ்ஓ பிலிமில் நடுவெயிலில் அந்த வேகத்துக்கு எஃப் 8 அளவில்தான் நிற்க வேண்டும். துவாரம் அகலத் திறந்தால் வரும் ஹீலியோஸின் சுழலும் பின்னணியை மறந்துவிடலாம். மூன்று படி (ஒரு படிக்கு ஒளி பாதியாகும்) குறைக்கும் என்டி8 போட்டால் எஃப் 2.8க்கு வரலாம்.

கறுப்பு வெள்ளைப் பிலிம் போடுபவர்களுக்கு மஞ்சள் பில்டர் ஒரு படி ஒளியைத் தின்று வானத்தைக் கொஞ்சம் இறக்கும். சிவப்பு மூன்று படி தின்று பனைமரத்துக்குப் பின்னால் வானத்தைக் கறுப்பாக்கிவிடும். டிஜிற்றல்காரர் அதைக் கணினியிலேயே செய்துவிடுவதால் இந்தக் கண்ணாடிகளை யாரும் சீண்டுவதில்லை. பாவித்தவை கொள்ளை மலிவு.

தெறிப்பை வெட்டி வானத்தைக் கறுக்க வைக்கும் பொலரைசர் பில்டர்தான் நல்ல பேரம். நேர்கோட்டு வகை, சுற்று வகை என்று இரண்டு உண்டு. உள்ளே சரிந்த கண்ணாடி வைத்து, தானாகக் குவிக்கும் எஸ்எல்ஆர் கமராக்களின் ஒளிமானியும் குவிப்பும் நேர்கோட்டு வகையில் குழம்பும் என்பதால் பழைய நேர்கோட்டுப் பில்டரை எல்லாரும் கழித்துவிட்டார்கள். மிரர்லெஸ்ஸுக்கு அந்தச் சிக்கலே இல்லை. கையில் வந்தது எந்த வகை என்று அறியக் கணக்குப் பொறி போதும். அதன் திரைக்கு மேல் பில்டரை வைத்துச் சுழற்றுங்கள், பிறகு புரட்டி வைத்தும் சுழற்றுங்கள். இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பக் கறுத்தால் நேர்கோடு; ஒரு பக்கம் மட்டும் கறுத்தால் சுற்று. ஓரத்தில் மஞ்சள் படர்ந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டிக்குப் போகிறவர்கள், பின்னேரம் சூரியன் மேற்கே இருக்க, வடக்கையும் தெற்கையும் பார்த்து எடுங்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானம்தான் கூடக் கறுக்கும்.

பாவித்த பில்டரைத் தரம் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ரியூப் லைற்றின் கீழே சரித்துப் பிடியுங்கள். விளக்கு அப்படியே வெள்ளையாகத் தெறித்தால் பூச்சில்லை. மங்கலாக ஊதாவாகவோ பச்சையாகவோ தெரிந்தால் பூச்சுண்டு. பிறகு கதவு நிலையின் நேர்கோட்டை அதனூடாகப் பார்த்துக்கொண்டு பில்டரைச் சுழற்றுங்கள். கோடு நெளிந்தால் அது சன்னல் கண்ணாடி. எனக்கு ஒருமுறை இணையத்தில் வாங்கியது அப்படித்தான் வந்தது, அழகான பெட்டியில்.

எங்கே வாங்குவது என்பது தனிக் கதை. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது 200 அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அதிலிருந்து வெளிநாட்டு விலையைப் பார்த்துக் கணக்குப் போடுவது தலையிடிதான். ஊருக்கு வரும் உறவினரின் பெட்டி இன்றும் நல்ல வழி. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் "நல்ல பில்டர் ஒண்டு கொண்டு வா" என்று சொன்னால் கடையில் இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கி வருவான். "58, பாவிச்சது, பூச்சுள்ளது, ஸ்ரெப்-அப் 49-58 ஒண்டு, 52-58 ஒண்டு" என்று எழுதி அனுப்புங்கள். பாவித்த கமராக் கடைகளில் இவை ஒரு கூடையில் குவிந்து கிடக்கும்.

ஊரிலேயே பழைய ஸ்ரூடியோக்களின் லாச்சிகளை விடாதீர்கள். புரியே இல்லாத வட்டக் கண்ணாடி அங்கே அகப்பட்டால் வீசிவிட வேண்டாம்; அது சீரீஸ் பில்டராக இருக்கும். இரண்டு வளையத்துக்கிடையில் வைத்து இறுக்கும் பழைய முறை அது. சீரீஸ் 7 என்றால் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். மேலும் கீழும் இரண்டு லென்ஸ் கொண்ட யாஷிக்கா மற் கமராவுக்குப் புரி இல்லை. பே 1 எனப்படும் கொளுக்கிப் பூட்டு. அதிலிருந்து 49க்குப் போகும் அடப்டர் வளையம் விற்கிறார்கள். பெரிய ஹூட் பூட்டினால் மேல் லென்ஸின் பார்வையை மறைக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாச்சியில் கிடந்த பில்டர் பெரும்பாலும் ஏதோ ஒரு வளையத்தோடு இறுகித்தான் வரும். குறடு போடாதீர்கள், வட்டம் நெளிந்தால் இன்னும் இறுகும். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு பட்டை வெட்டி, சுற்றிலும் ஒரேயளவு அழுத்தம் படச் சுற்றி, அமுக்காமல் திருப்பினால் கழலும். மாரி தொடங்க முன்னர் ஒருமுறை எல்லாவற்றையும் இப்படிக் கழற்றித் துடைத்து வையுங்கள். பில்டருக்கும் லென்ஸுக்கும் இடையில் அடைபட்ட ஈரத்தில்தான் பூஞ்சணம் குடியேறும்.

கடைசியாக ஒன்று. தாக்குமார் 50, எஃப் 1.4 வைத்திருப்பவர்கள் கண்ணாடி தேத்தண்ணி நிறமாகிவிட்டதென்று கவலைப்படுவார்கள். உள்ளே தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதால் வரும் மஞ்சள் அது. புறஊதா ஒளி பட்டால் வெளுக்கும். நம்மூர் வெயிலில் சில நாட்கள், பின்பக்கம் அலுமினியத் தாளை வைத்து, சூரியக் கதிர் குவிந்து எதையும் எரித்துவிடாத இடமாகப் பார்த்து வைத்தால் போதும். நான் மொட்டை மாடியில் ஒரு கிழமை வைத்தும் நிறம் அசையவே இல்லை. எட்டாம் நாள்தான் பார்த்தேன்: முன்னே யுவி பில்டர் பூட்டியபடியே இருந்தது.